கர்னலில் பொது நிரலும் வன்பொருள் நிரலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகக் கர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுத வருகிறவர்களின் பேட்ச்களை (நிரல் திருத்தங்களை) படிக்கும்போது, முன்பு நான் செய்த தவறுகளே திரும்ப வந்து நிற்கின்றன. எல்லாச் சிப்புகளுக்கும் பொதுவான ஃபைலில், ஒரு சிப்புக்கே உரிய அசெம்பிளி எழுதக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

4096

பேஜ் (கர்னல் நினைவகத்தைப் பிரித்துக் கையாளும் துண்டு) அளவை இப்படி எண்ணாக எழுதாதீர்கள். எக்ஸ்86 சிப்புகளில் அது 4 கிலோபைட், அதாவது 4096 பைட். ஆர்ம்64-இல் 4, 16, 64 என மூன்றும் உண்டு. பழைய ஆல்ஃபா சிப்பில் 8.

எழுதிய வரிசையிலேயே தெரியும் என்று நம்புவது

இதனால் மூன்று வாரம் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறேன். சிப்பின் இரண்டு கோர்களுக்கு நடுவே ஒரு ரிங் பஃபர் (தரவைக் கைமாற்றும் வட்ட வரிசை). ஒரு கோர் தரவை எழுதிவிட்டு 'ரெடி' கொடியை 1 ஆக்கும். இன்னொன்று கொடியைப் பார்த்துவிட்டுத் தரவை எடுக்கும். எக்ஸ்86-இல் மாதக்கணக்கில் ஒரு பிசகும் இல்லை. ஆர்ம் போர்டில் ஏற்றியதும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை கொடி 1 என்று இருக்கும், தரவு பழையதாக இருக்கும். என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு பிரின்ட்கே (கர்னலில் செய்தி அச்சிடும் வரி) போட்டால் பிழை காணாமல் போகும். எடுத்தால் திரும்பி வரும்.

எக்ஸ்86-இல் ஒரு கோர் செய்யும் ஸ்டோர்கள் (நினைவகத்தில் எழுதுவது) மற்ற கோர்களுக்கு அதே வரிசையில்தான் தெரியும். ஆர்ம் அந்த உறுதியைத் தருவதில்லை. என் ஃபைலில் எந்தச் சிப்பின் பெயரும் இல்லை, ரெஜிஸ்டர் முகவரியும் இல்லை. பொது டைரக்டரியில்தான் கிடந்தது. ஆனாலும் அது எக்ஸ்86 நிரல்தான்.

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது, இதைத் திருத்துவதாகச் சொல்லி வரும் பேட்ச். பொது ஃபைலுக்குள் ஆர்முக்கு மட்டும் என்று ஒரு இஃப்டெஃப், அதற்குள் வரிசையைக் காக்கும் ஒரு பேரியர் கட்டளை. நாளைக்கு ரிஸ்க்-ஃபைவ் சிப் வந்தால் இன்னொரு இஃப்டெஃபா? தரவு தெரிந்த பிறகே கொடி தெரிய வேண்டும் என்பதை மட்டும் பொது நிரல் சொல்லட்டும். லினக்ஸில் அதைச் சொல்ல, கொடியை எழுதும் பக்கம் smp_store_release (எஸ்எம்பி ஸ்டோர் ரிலீஸ்), படிக்கும் பக்கம் smp_load_acquire (எஸ்எம்பி லோட் அக்வயர்). அதை எப்படி நிறைவேற்றுவது என்பது ஒவ்வொரு சிப்புக்கும் உரிய நிரல் இருக்கும் ஆர்ச் டைரக்டரியின் வேலை. ஆர்ம்64-இல் அதற்கென்றே தனிக் கட்டளை உண்டு. எக்ஸ்86-இல் சாதாரண ஸ்டோர்தான், கம்பைலர் வரிசையை மாற்றாமல் தடுப்பதோடு சரி. ஆகவே "எக்ஸ்86 வேகம் குறையும்" என்று பயப்பட வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டுப் பயனில்லை.

டிவைஸ் ரெஜிஸ்டரை நேரே பாயிண்டரால் தொடுவது

வேண்டாம். டிவைஸைப் படிக்க ரீட்எல் (readl), எழுத ரைட்எல் (writel) என்ற கர்னல் ஃபங்ஷன்களையே பயன்படுத்துங்கள்.

ஒரே சிப்பை வைத்து எல்லை வகுப்பது

எது பொது, எது சிப்புக்கு உரியது என்பது இரண்டாவது சிப்புக்குக் கொண்டுபோகும்போதுதான் தெரியும். 1991-இல் 386-க்காக எழுதப்பட்ட லினக்ஸ், 1995-இல் 1.2 பதிப்பில்தான் ஆல்ஃபா, ஸ்பார்க், மிப்ஸ் பக்கம் போனது. அதற்கு முன்பே பத்து அடுக்குக் கட்டி வைத்தால் பாதியை இடிக்க வேண்டியிருக்கும்.

கியூஎமுவில் ஓடியது

போதாது. எக்ஸ்86 கணினியில் கியூஎமு (வேறு சிப்பை மென்பொருளிலேயே போலச் செய்து காட்டும் நிரல்) வைத்து ஆர்மை ஓட்டினால், மேலே சொன்ன வரிசைப் பிழை பெரும்பாலும் தலைகாட்டாது. அடியில் ஓடுவது எக்ஸ்86 அல்லவா! நிஜ போர்டில் இரவு முழுக்க ஓட விடுங்கள்.