பாஸ்கா திரியைப் பிள்ளையளுக்கு விளங்கப்படுத்துறது எப்பிடி?

உயிர்ப்பு விழா முடிஞ்ச கையோட பிள்ளையளக் கூட்டிக்கொண்டு பாஸ்கா திரிக்கு, அதாவது உயிர்ப்புத் திருவிழிப்பில கொளுத்துற அந்தப் பெரிய மெழுகுதிரிக்குக் கிட்டப் போங்கோ, திருகோணமலை மரியன்னை பேராலயமோ உங்கட பங்குக் கோயிலோ எதுவெண்டாலும் சரி, பெந்தகோஸ்து எண்டுற தூய ஆவியார் பெருவிழா வரைக்கும் அம்பது நாளும் அது பீடத்துக்குப் பக்கத்திலதான் நிக்கும். தூர நிண்டு கை காட்டினா ஒண்டும் பிடிபடாது.

முதல்ல திரியில இருக்கிற சிலுவையக் காட்டுங்கோ. அதுக்கு மேல அல்பா, கீழ ஒமேகா, கிரேக்கத்தின்ர முதல் எழுத்தும் கடைசி எழுத்தும், அகரமும் னகரமும் நானே எண்டு ஆண்டவர் சொன்னது இதுதான். நாலு மூலையிலயும் இந்த வருசத்தின்ர நாலு இலக்கம் இருக்கும், அத பிள்ளையே வாசிக்கட்டும், ஏனெண்டா இயேசு எப்பவோ இருந்த ஆள் இல்ல, இந்த வருசமும் அவருக்குச் சொந்தம் எண்டுறது அப்பத்தான் மனசில ஏறும், எனக்கு இந்தத் திரியில ஆகப் பிடிச்சது இதுதான்.

பிறகு குத்தியிருக்கிற அஞ்சு சாம்பிராணி மணியளையும் எண்ணச் சொல்லுங்கோ, அது சிலுவையில இயேசு பட்ட அஞ்சு திருக்காயம். உயிர்த்த பிறகும் ஆண்டவர் காயத்த மறைக்கேல்ல, நம்பாம நிண்ட சீடர் தோமாவுக்குக் காட்டினவர். யுத்தத்திலயும் சுனாமியிலயும் உறவுகளப் பறிகுடுத்த வீடுகள் எங்கட ஊரில நிறைய, அந்த வீட்டுப் பிள்ளையளுக்கு இந்த இடத்த அவசரப்படாமச் சொல்லுங்கோ.

ஞானஸ்நானத்திலயும் இதே திரியிலதான் பிள்ளையின்ர மெழுகுதிரியப் பத்த வைக்கிறது, அடக்கத் திருப்பலியில பெட்டிக்குப் பக்கத்தில வைக்கிறதும் இதுதான். வீட்டில அந்த ஞானஸ்நானத் திரி இருந்தா எடுத்து, ஞானஸ்நானம் எடுத்த நாள் வருசா வருசம் வரேக்க கொளுத்திச் செபியுங்கோ.