பழைய காரில் கூலன்ட் கசிவைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் பட்டறையில் சென்ற மாதம், தொழில் பழக வந்து ஓராண்டுகூட நிறையாத தம்பி ஒருவர், பழைய புரோட்டோன் வீரா கார் ஒன்றில், எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டின் போல்ட்டுகளைத் தளர்த்தக் கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "அண்ணே, தண்ணி குறையுது, கீழ ஒரு சொட்டும் இல்ல. அப்ப ஹெட் கேஸ்கெட்தானே?" என்றார். ஹெட்டுக்கும் அதன் அடியிலுள்ள பிளாக்குக்கும் நடுவே வைக்கும் அடைப்புத் தகட்டைச் சொன்னார். இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் என் ஃபோர்மனிடம் இதையேதான் சொன்னேன். அன்று செய்த பிழை இன்னும் என்னை உறுத்துவதால் இதை எழுதுகிறேன். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது, ஏர்கோன் குழாயில் சொட்டும் நீரைக் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்) என்று எண்ணக் கூடாது என்பவற்றை எல்லாரும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்கிறார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

தரை காய்ந்திருப்பதை நம்பி ஹெட்டைக் கழற்றுவது

தரையில் ஈரம் இல்லை என்பதால் கசிவு உள்ளேதான் இருக்க வேண்டும் என்று ஆகிவிடாது. ஓடும் எஞ்சினில் கூலன்ட் ஏறக்குறைய 1 பார் கூடுதல் அழுத்தத்தில் இருக்கிறது. ஊசிமுனை அளவுள்ள இடைவெளியில் பீறிடும் நீர், சூடான பிளாக்கின் மீதோ எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மீதோ பட்டு, தரையை அடையுமுன் ஆவியாகிவிடும். காரை நிறுத்தி எஞ்சின் ஆறியதும் அழுத்தம் இறங்கிவிடுவதால், அதே இடத்தில் ஒரு சொட்டுகூட வராது. எஞ்சுவது வெண்மையாகவோ பச்சையாகவோ படிந்த கறை மட்டுமே.

இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. ஆசிரியை ஒருவர் தம்முடைய வீராவைக் கொண்டுவந்தார்; 4ஜி15 எஞ்சின், 1.5 லிட்டர். வாரத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் குறைந்தது. கெந்திங் மலைச்சாலையில் ஏறும்போது வெப்பமுள் உயர்ந்தது. நான் ரேடியேட்டரை நிரப்பி எஞ்சினை ஓடவிட்டேன். வாயில் குமிழிகள் வந்தன. எஞ்சினில் எரிந்த வாயுதான் தண்ணீரில் கலக்கிறது, கேஸ்கெட் போய்விட்டது என்று அவரிடம் உறுதியாகச் சொன்னேன். உண்மையில், புதிதாக ஊற்றிய தண்ணீரோடு உள்ளே சிக்கிய காற்றுதான் அப்படி வெளியேறிக்கொண்டிருந்தது. இன்னும் கால் மணி நேரம் பொறுத்திருந்தால் அது தானாகவே நின்றிருக்கும். நான் பொறுக்கவில்லை. ஹெட்டைக் கழற்றி, இழைத்துச் சமன்படுத்த அனுப்பி, கேஸ்கெட்டையும் டைமிங் பெல்ட்டையும் மாற்றிக் கொடுக்க மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் அவர் பேருந்தில்தான் பள்ளிக்குப் போய்வந்தார். பல நூறு வெள்ளி செலவையும் ஏற்றுக்கொண்டார். பத்து நாளுக்குள் கார் திரும்பி வந்தது. தண்ணீர் அதே அளவில் குறைந்திருந்தது.

அதன் பிறகுதான், ரேடியேட்டர் வாயில் பொருத்தி அழுத்தம் ஏற்றும் சோதனைப் பம்ப்பைக் கையில் எடுத்தேன். எஞ்சின் ஆறியிருந்தபோது, ரேடியேட்டர் மூடியில் குறித்திருந்த அளவு வரை பம்ப் செய்து, டார்ச் விளக்கையும் சிறு கண்ணாடியையும் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாகத் தேடினேன். இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே, பிளாக்கின் பின்புறமாக ஓடும் இரும்பு நீர்க்குழாய், வாட்டர் பம்ப்புக்குள் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் சூடேறி அது இறுகிப்போயிருந்தது. அங்கிருந்து நூல் போல நீர் பிளாக்கின் மீது வழிந்துகொண்டிருந்தது. ஸ்பேர் பார்ட் கடையில் அந்த வளையத்துக்குச் சில வெள்ளிதான். இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது விலை வேறுபாடு மட்டும் அன்று. ஹெட்டைக் கழற்றிய நாளில் அந்தக் குழாய் என் கண்முன்னே இருந்தது. அதைச் சுற்றிப் படிந்திருந்த வெண்கறையைத் துணியை எடுத்து நானே துடைத்துச் சுத்தம் செய்திருந்தேன். கூலிப் பணத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் பிறகு எங்கள் பட்டறைக்கு வரவில்லை.

ஆகவே, ஹெட்டின் மேல் கை வைக்குமுன் இந்த வரிசையை விடாதீர்கள். முதலில், ஆறிய எஞ்சினில் அழுத்தம் ஏற்றிக் குறைந்தது கால் மணி நேரம் காத்திருங்கள். பம்ப்பின் அழுத்தமுள் இறங்கி, வெளியே எங்கும் ஈரம் தென்படாவிட்டால் மட்டுமே எஞ்சினுக்குள் சந்தேகப்படுங்கள். அப்போதும் உடனே கழற்றாமல், ஸ்பார்க் பிளக்குகளை எடுத்து ஒன்று மட்டும் கழுவியது போல வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எரிந்த வாயுவைக் கண்டறியும் நீலத் திரவம் கொண்ட சோதனைக் குழலை ரேடியேட்டர் வாயில் வைத்துப் பாருங்கள். கூலன்டில் எரிந்த வாயு கலந்திருந்தால் அதிலுள்ள கரியமில வாயு அந்த நீலத்தை மஞ்சளாக்கும். கூலன்ட் குழலுக்குள் ஏறிவிட்டால் சோதனை கெட்டுவிடும் என்பதால், நீர்மட்டத்தைச் சற்றே இறக்கிக்கொள்ள வேண்டும். எண்ணெய் மூடியின் உட்புறம் காணப்படும் வெண்ணெய் போன்ற படிவை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்; அன்றாடம் குறுகிய தூரமே ஓடும் கார்களில் ஈரப்பதத்தாலும் அது உண்டாகும்.

தம்பியின் வீராவிலும் கேஸ்கெட் நன்றாகவே இருந்தது. வாட்டர் பம்ப்பின் சீல் தேய்ந்து, அதன் அடிப்புறத் துளையைச் சுற்றிப் பச்சைக் கறை படிந்திருந்தது.

வாட்டர் பம்ப்பின் துளையை அடைப்பது

உள்ளிருக்கும் சீல் கெட்டதை நமக்குக் காட்டுவதற்காகவே அந்தத் துளையை வைத்திருக்கிறார்கள். பம்ப்பை மாற்றுங்கள்.

பார்க்கும் முன்பே எஞ்சினைக் கழுவுவது

நீர் எங்கே புறப்பட்டு எந்த வழியாக இறங்கியது என்பதைக் காய்ந்த கறைதான் சொல்லும். முதலில் கைப்பேசியில் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு கழுவுங்கள்.

ரேடியேட்டர் மூடியைச் சோதிக்காமல் விடுவது

கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 1 பார் கூடுதல் அழுத்தத்தில் ஏறக்குறைய 120 டிகிரியில்தான் கொதிக்கும். அந்த அழுத்தத்தைத் தாங்கி நிற்பது மூடியின் சுருள்வில். அது தளர்ந்துவிட்டால், கோலாலம்பூர் ஜாமில் நிற்கும்போது கூலன்ட் சீக்கிரமே பொங்கி உபரித் தொட்டிக்குப் போய், அங்கிருந்து வழிந்துவிடும். மூடியின் நடுவிலுள்ள சிறு வால்வு ஒட்டிக்கொண்டால், எஞ்சின் ஆறும்போது தொட்டியில் உள்ள நீர் ரேடியேட்டருக்குத் திரும்பாது. எங்கும் துளை இல்லாமலே தண்ணீர் குறைவதற்கு இதுவே போதும். மூடியையும் சோதனைப் பம்ப்பில் பொருத்திச் சோதியுங்கள். மாற்றினால், பழைய மூடியில் 0.9 அல்லது 1.1 என்று எது குறித்திருக்கிறதோ அதையே வாங்குங்கள்.

குறித்த அளவுக்கு மேல் பம்ப் செய்வது

பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி விளிம்பில் பிளந்துவிடும்.

சூடான எஞ்சினில் மட்டும் தேடுவது

ஆறும்போது உலோகமும் ரப்பரும் சுருங்குவதால், ஹோஸ் கவ்விகளில் அதிகாலையில் மட்டுமே கசியும் கார்கள் உண்டு. சூடேறியதும் அவை தாமே அடைத்துக்கொள்ளும். இரவு காரை வைத்துக்கொண்டு, காலையில் எஞ்சினை இயக்குமுன் ஒருமுறை சோதியுங்கள்.

கசிவடைப்புப் பொடி

ஊற்றாதீர்கள். ரேடியேட்டரின் மெல்லிய குழல்களையும் அது அடைத்துவிடும்.

வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பது

இந்நாட்டில் தண்ணீர் உறையப் போவதில்லை, கூலன்ட் எதற்கு என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். கூலன்டில் உள்ள துருத்தடுப்பு மருந்துதான் நமக்கு முக்கியம். வார்ப்பிரும்பு பிளாக்கில் அடித்துப் பொருத்தியிருக்கும் வட்ட எஃகு அடைப்பான்கள், பல ஆண்டுகள் வெறும் தண்ணீரிலேயே ஓடிய எஞ்சினில், உட்புறமிருந்து அரித்து ஓட்டையாகின்றன. அவற்றில் சில மேனிஃபோல்டுக்கும் கியர்பாக்ஸுக்கும் பின்னால் மறைந்திருப்பதால், எங்கிருந்து ஒழுகுகிறது என்று நாள்கணக்கில் தேட நேரிடும். ஒன்று அரித்திருந்தால் மற்றவற்றையும் தட்டிப் பாருங்கள்.

சரிசெய்த அன்றே கணக்கை முடிப்பது

காற்றை முழுதும் வெளியேற்றி நிரப்பிய பின், உபரித் தொட்டியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, ஒரு வாரம் கழித்துக் காலையில், எஞ்சின் சூடேறுவதற்கு முன் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் சொல்லும்படி வாடிக்கையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.