ஸ்கை தீவில் வெட்டவெளிக் கல்யாணம்: எங்கெல்லாம் சறுக்குகிறார்கள்

இங்கிலாந்தில் திருமணச் சட்டம் இடத்தைப் பார்க்கிறது. உரிமம் பெற்ற கட்டடம் வேண்டும். வெளியில் நடத்துவதென்றால் அந்தக் கட்டடத்தின் வளாகத்துக்குள் நடத்தலாம். ஸ்காட்லாந்தில் சட்டம் ஆளைப் பார்க்கிறது. நடத்திவைப்பவருக்கு அதிகாரம் இருந்து, அவரும் அங்கே வரச் சம்மதித்தால், மலையடிவாரமோ கடற்கரையோ எங்கேயும் நடத்தலாம். பதிவாளர் நடத்தும் சிவில் திருமணத்துக்கும் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இந்தச் சுதந்திரம் முழுதாக வந்துவிட்டது. பெரிய மண்டபமும் ஆயிரம் பேர் சாப்பாடும் வேண்டாம் என்று நினைக்கிற லண்டன் தமிழ் ஜோடிகள் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவையும் கிளென்கோ பள்ளத்தாக்கையும் தேடிப் போவதற்கு அழகோடு சேர்த்து இதுவும் ஒரு காரணம்.

ஓடிவந்து கல்யாணம் செய்துகொள்வதில் ஸ்காட்லாந்துக்குப் பழைய பெயர் உண்டு. 1754-இல் இங்கிலாந்தில் 21 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் கட்டாயமானது. உடனே ஜோடிகள் எல்லை தாண்டி கிரெட்னா கிரீன் கிராமத்துக்கு வண்டி ஏறினார்கள். அங்கே கொல்லர் பட்டறையில் இரண்டு சாட்சிகள் முன்னால் சம்மதம் சொன்னால் போதும், கல்யாணம் முடிந்தது. அப்படிச் சொல்லிக்கொண்டாலே செல்லும் என்ற முறை 1940-இல் ஒழிந்துவிட்டது. ஆனால் அந்தப் பெயர் மட்டும் இன்னும் ஆட்களைக் கவிழ்க்கிறது. ‘எங்கே வேண்டுமானாலும்’ என்று சட்டம் சொல்வது பலர் காதில் ‘எப்படி வேண்டுமானாலும்’ என்று விழுகிறது. முதல் தவறு அங்கேதான்.

காகிதத்தைக் கடைசிக்குத் தள்ளுவது

இடம் பார்த்தாயிற்று, புகைப்படக்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, புடவை எடுத்தாயிற்று. ‘பதிவு வேலையை அடுத்த மாதம் பார்ப்போம்’ என்று விடுவார்கள். இருவரும் தனித்தனியாக எம்10 என்ற படிவத்தைத் திருமணம் நடக்கப்போகும் பகுதியின் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். ஸ்கை, கிளென்கோ இரண்டுமே ஹைலண்ட் கவுன்சில் என்ற உள்ளாட்சி மன்றத்தின் கீழ் வருகின்றன. திருமண நாளுக்கு மூன்று மாதத்துக்கு உள்ளேதான் கொடுக்கலாம். திருமணத்துக்கு 29 நாளுக்கும் குறைவாக இருக்கும்போது கொடுத்தால் அந்தத் தேதியை மறந்துவிட வேண்டியதுதான். 29 என்பதை ஒரு இலக்காக வைத்துக்கொள்ளாதீர்கள். ஏதாவது ஒரு ஆவணம் சரியில்லை என்று திரும்பி வந்தால் சரிசெய்ய நேரம் வேண்டும். பத்து வாரம் முன்னால் கொடுத்துவிடுவது நிம்மதி.

ஆவணம் என்றால் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், முன்பு மணமானவர் என்றால் விவாகரத்துத் தீர்ப்பு. தமிழில் இருக்கும் பிறப்புச் சான்றிதழை அப்படியே அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு கூடவே போக வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவரிடம் ‘இவருக்குத் திருமணத் தடை ஏதும் இல்லை’ என்ற சான்றையும் கேட்பார்கள். ஊரிலிருந்து அதை வாங்கி வர எத்தனை நாளாகும் என்பது உங்களுக்கே தெரியும்.

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வரும் ஜோடிக்கு விசாதான் பெரிய பொறி. சாதாரண சுற்றுலா விசாவில் வந்து அங்கே திருமணம் செய்துகொள்ள முடியாது, அதற்கான அறிவிப்பைக் கொடுக்கவும் முடியாது. இதற்கென்றே ‘மேரேஜ் விசிட்டர்’ என்று தனி விசா இருக்கிறது. ஹோட்டல் பதிவு செய்வதற்கு முன்னால் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

எல்லாம் சரியாக இருந்தால் பதிவாளர் அலுவலகம் ‘மேரேஜ் ஷெட்யூல்’ என்ற தாளைத் தயாரிக்கும். அது இல்லாமல் மலையடியில் நின்று யார் என்ன மந்திரம் சொன்னாலும் சட்டப்படி ஒன்றும் நடக்கவில்லை. பதிவாளரே வந்து நடத்தினால் அவரே கொண்டுவருவார். மத குருவோ, மதம் சாராத மனிதநேய அமைப்பைச் சேர்ந்தவரோ நடத்தினால், அந்தத் தாள் எந்த அலுவலகத்திலிருந்து, என்றைக்கு, யார் கைக்கு வரும் என்று முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை கல்யாணம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூட்டிய அலுவலக வாசல் என்ற நிலை வரக் கூடாது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அந்தத் தாளில் நாளோடு இடமும் எழுதப்பட்டிருக்கும். மதம் அல்லது கொள்கை சார்ந்த திருமணத்தை அதில் குறித்த நாளில், குறித்த இடத்தில்தான் நடத்த வேண்டும் என்று 1977-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ‘மழை வந்தால் பக்கத்து ஊர் விடுதிக்குள் போய்விடலாம்’ என்று மனசுக்குள் போட்டு வைத்த மாற்றுத் திட்டம் செல்லுபடியாகாமல் போவது இங்கேதான். மாற்று இடத்தையும் படிவம் கொடுக்கும்போதே பதிவாளரிடம் சொல்லுங்கள். எப்படி எழுதினால் இரண்டுக்கும் பொருந்தும் என்று அவர்களே வழி சொல்வார்கள்.

‘நாங்கள் இரண்டு பேர் மட்டும்’ என்பதும் கணக்கில் உதைக்கும். 16 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் வேண்டும், நடத்திவைப்பவர் ஒருவர் வேண்டும். ஆக, குறைந்தது ஐந்து பேர். புகைப்படக்காரரும் அவருடைய உதவியாளரும் சாட்சியாக நிற்பது அங்கே சகஜம். ஆனால் முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும். வழியில் போகிற மலையேறியை நம்பிப் போகாதீர்கள். யாருக்கும் தெரியாத ரகசியம் என்றும் சொல்ல முடியாது. பெயரும் தேதியும் பதிவாளர் அலுவலகப் பட்டியலில் வெளியே வைக்கப்படும். வல்வெட்டித்துறையிலிருந்தோ மதுரையிலிருந்தோ யாரும் ஸ்கையிலுள்ள போர்ட்ரீ ஊருக்கு வந்து அதைப் படிக்கப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

ஐயரை லண்டனிலிருந்து கூட்டிப் போவது

குடும்பத்துக்குப் பழக்கமான ஐயர் லண்டன் கோவிலில் இருக்கிறார், இங்கிலாந்தில் எத்தனையோ கல்யாணம் நடத்தியவர். அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனால் போதும் என்று நினைப்பது தவறு. ஸ்காட்லாந்தில் நடத்த ஸ்காட்லாந்தின் அனுமதி வேண்டும். இல்லாதவருக்குக் குறிப்பிட்ட ஒரு திருமணத்துக்கு மட்டும் தற்காலிக அனுமதி தரும் வழி சட்டத்தில் உண்டு, ஆனால் விண்ணப்பிக்க வேண்டும், நாள் பிடிக்கும். இதைவிடச் சுலபம், சட்டப் பகுதியைப் பதிவாளரிடமோ மனிதநேய அமைப்பின் சார்பில் திருமணம் நடத்திவைக்கும் செலிப்ரன்டிடமோ விட்டுவிட்டு, தாலி கட்டுவதையும் மாலை மாற்றுவதையும் உங்கள் விருப்பப்படி செய்துகொள்வது. மனிதநேயத் திருமணங்கள் ஸ்காட்லாந்தில் 2005 முதல் சட்டப்படி செல்லும். இங்கிலாந்தில் இன்னும் அந்த அந்தஸ்து இல்லை. இந்தச் செலிப்ரன்ட்கள் நம் சடங்குகளைச் சேர்த்துக்கொள்வதில் பொதுவாகத் தாராளமானவர்கள். சுயமரியாதைத் திருமணம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது அந்நியமாகவே தெரியாது.

அக்னி விஷயத்தில் மட்டும் தாராளம் கூடாது. அந்த நிலங்களில் பல இடங்களில் மண்ணே எரியக்கூடியது. பீட் என்று சொல்வார்கள். செத்த செடிகொடிகள் நூற்றாண்டுக் கணக்கில் ஈரத்தில் மட்கிப் படிந்த மண். காய்ந்த நேரத்தில் ஒரு பொறி உள்ளே இறங்கினால் அடியிலேயே புகைந்துகொண்டு போகும், அணைப்பது பெரும்பாடு. பீட் நிலத்திலும் காட்டிலும் தீ மூட்ட வேண்டாம் என்றுதான் அந்நாட்டின் வெளிப்புற அணுகல் விதிமுறைகள் சொல்கின்றன. ஹோமம் வேண்டுமென்றால் தங்கும் வீட்டு முற்றத்தில், சொந்தக்காரரிடம் கேட்டுச் செய்யுங்கள். மஞ்சள் அரிசியையும் மலைச்சரிவில் இறைக்காதீர்கள். மாலையில் சுற்றிய ஜரிகையும் நைலான் நூலும் ஒன்றுவிடாமல் பையில் திரும்பி வர வேண்டும்.

ஆடியும் மார்கழியும்

ஆடியில் கல்யாணம் வேண்டாம், மார்கழியில் வேண்டாம் என்று வீட்டில் சொன்னால், இந்த ஒரு ஊருக்கு மட்டும் மறுபேச்சுப் பேசாமல் கேட்டுக்கொள்ளலாம்.

ஆடி என்றால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. ஸ்கையும் கிளென்கோவும் இருக்கும் மேற்கு ஹைலண்ட்ஸ் மலைப்பகுதியில் மிட்ஜ் உச்சத்தில் இருக்கும் காலம். மிட்ஜ் என்பது ஓரிரு மில்லிமீட்டர் அளவே உள்ள கடிக்கும் பூச்சி. ஒன்று இரண்டாக வராது, மேகமாக வரும். மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை இருக்கும். காற்றில்லாத, மப்பும் ஈரமுமான விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் கடிக்கும். கண்ணாடி மாதிரி அசையாத ஏரிக்கரை படத்தில் அற்புதமாக இருக்கும். ஆனால் அந்த அசையாத காற்றில்தான் மணப்பெண் மூக்கையும் காதையும் சொறிந்துகொண்டு நிற்பாள். சாதாரணத் தென்றல் அடித்தாலே பூச்சி பறக்க முடியாது. அதனால் கோடையில் மரங்கள் சூழ்ந்த ஏரிக்கரையைவிடக் காற்று வீசும் கடலோர மேட்டைத் தேர்ந்தெடுங்கள். பூச்சி விரட்டியும் தலைவலையும் எல்லோருக்கும் வாங்கி வையுங்கள், செலிப்ரன்டுக்கும் சேர்த்து.

மார்கழியில் வேறு கதை. டிசம்பர் கடைசியில் ஸ்கையில் சூரியன் வரவே காலை ஒன்பது ஆகிவிடும், நாலு மணிக்கு முன்பே போய்விடும். விடிகாலை நாலரை–ஆறு முகூர்த்தம் என்று ஜோசியர் குறித்துக் கொடுத்தால் கும்மிருட்டில் டார்ச் பிடித்துத் தாலி கட்ட வேண்டியதுதான். ஜூனில் இது தலைகீழ்: காலை நாலரைக்கே வெளிச்சம், இரவு பத்து தாண்டியும் அந்தி. அதே முகூர்த்தத்தை ஜூனில் ஸ்கையின் பேர்போன ஸ்டார் பாறையடியில் வைத்தால் கூட்டமே இல்லாமல் கிடைக்கும். பகலில் அந்தக் கார் நிறுத்தம் நிரம்பி வழியும்.

மழைக்கு நல்ல மாதம், கெட்ட மாதம் என்று பெரிதாக இல்லை. மேற்கு ஹைலண்ட்ஸின் உயரமான பகுதிகளில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. சென்னைக்கு 1400 சொச்சம். ஏப்ரல், மே, ஜூன் ஒப்பளவில் உலர்ந்தவை. என்னைக் கேட்டால் மே மாத முதல் பாதி: வெளிச்சம் இருக்கும், மிட்ஜ் இன்னும் முழுதாகக் கிளம்பியிருக்காது. மழை வராது என்று திட்டமிடாதீர்கள், வந்தால் எப்படி என்று திட்டமிடுங்கள். ஒரே நாளில் நாலு முறை மாறும் வானம் அது. ஒரு மணி நேரம் தள்ளிப்போட இடம் வைத்திருப்பவர்கள்தான் பிழைக்கிறார்கள்.

படத்தில் பார்த்த இடம்

ஸ்டார், குவிராங், ஃபேரி பூல்ஸ், நீஸ்ட் பாயின்ட். ஸ்கையில் பேர்போன இந்த நாலு இடங்களையும் எல்லோரும் ஒரே நாளில் அடுக்குவார்கள். ஸ்கையில் பல சாலைகள் ஒற்றைத் தடம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கும் இடத்தில் நின்று வழிவிட வேண்டும், முன்னால் செம்மறிக் கூட்டம் போனால் அதன் பின்னாலேயே போக வேண்டும். இன்வெர்னஸிலிருந்து போர்ட்ரீக்கே இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. சடங்குக்கு ஒரு இடம், படத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்று, அவ்வளவு போதும். ஃபேரி பூல்ஸை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நீங்கள் உறுதிமொழி சொல்லும்போது பின்னால் யாராவது குளிரில் கத்திக்கொண்டே தண்ணீரில் குதிப்பார்கள். எல்கோல் கரையிலிருந்து தெரியும் கூலின் மலைத்தொடருக்கு அதைவிட மரியாதை உண்டு, மலையேறவும் வேண்டாம்.

ஏற வேண்டிய இடமென்றால் ஒரு தடவை சேறும் செங்குத்துமாக அந்தப் பாதையை நினைத்துப் பாருங்கள். ஸ்டார் பாறையடிக்குப் போக முக்கால் மணி நேரமாவது ஏற வேண்டும். காஞ்சிபுரம் பட்டைக் கட்டிக்கொண்டு ஏறுவது முடியாத காரியமில்லை, ஆனால் கால்களுக்கு மலைக்காலணி வேண்டும், உள்ளே வெப்ப உடை வேண்டும், முந்தானையைக் காற்று தூக்கிக்கொண்டு போகாமல் ஊசிகள் நிறைய வேண்டும். பெரியவர்கள் யாராவது வந்தால் கார் நிற்கும் இடத்திலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் பாருங்கள். அம்மாவைக் கீழே காரில் உட்காரவைத்துவிட்டு மேலே கல்யாணம் நடத்துவது, பிறகு வருஷக்கணக்கில் பேச்சாகும்.

பெரும்பாலும் யாருடைய நிலத்திலும் நடந்து போகலாம் என்ற உரிமையை 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் கொடுக்கிறது. ஆனால் நாற்காலி, வளைவு, ஒலிபெருக்கி என்று இறங்கினால் நில உரிமையாளரிடம் கேட்டாக வேண்டும். கிளென்கோவின் பெரும்பகுதி ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. ட்ரோன் பறக்கவிடுவதற்கு முன் அவர்களிடம் அனுமதி கேளுங்கள். ட்ரோன் இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது என்பது என் எண்ணம்.

முடிந்த பிறகு

கையெழுத்துப் போட்ட ஷெட்யூலை மூன்று நாளுக்குள் பதிவாளரிடம் சேர்த்தாக வேண்டும். பலர் அதைத் துணிப்பையோடு தேனிலவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். போர்ட்ரீயில் இருக்கும்போதே கொடுத்துவிட்டு, திருமணச் சான்றிதழ் இரண்டு மூன்று பிரதி கேட்டு வாங்குங்கள். இந்தியாவில் பாஸ்போர்ட்டில் துணையின் பெயர் சேர்ப்பது, வங்கி வேலை என்று எதற்காவது காட்ட வேண்டியிருந்தால், அந்தப் பிரதிகளில் ஒன்றுக்கு ஆவணம் அசல்தான் என்று வெளிநாட்டுக்கு உறுதிசெய்யும், பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் முத்திரையையும் அப்போதே வாங்கிவிடலாம். ஊருக்குப் போன பிறகு தபாலில் அனுப்பி வாங்குவது தலைவலி.