ஃபாலிங்வாட்டர் வீட்டை உள்ளே போய்ப் பார்ப்பது எப்படி?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பேர் ரன் ஓடையின் அருவி மேலேயே காஃப்மன் குடும்பத்துக்காகக் கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாயிட் ரைட் 1930களில் வடிவமைத்த வீடு இது. 1964 முதல் பொதுமக்கள் பார்க்கலாம்.

முதலில் டிக்கெட். நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். விலை குறைவாக இருக்கிறதே என்று கிரவுண்ட்ஸ் பாஸ் எடுத்தால் வெளியே மட்டும்தான் சுற்றலாம். வாசலைத் தாண்ட முடியாது. உள்ளே போக வழிகாட்டியுடன் கூடிய டூர் வேண்டும். சாதாரண டூர் சுமார் ஒரு மணி நேரம். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். படம் எடுத்தே ஆகவேண்டும் என்பவர்களுக்கு விலை கூடிய, நீண்ட டூர் உண்டு. முதல் தடவை போகிறவர்களுக்குச் சாதாரண டூரே நல்லது. ஃபோன் பையில் இருந்தால்தான் கண் வீட்டைப் பார்க்கும்.

6 வயது நிரம்பாத குழந்தைகளுக்கு உள்ளே அனுமதி இல்லை. பெற்றோர் வெவ்வேறு நேரத்துக்குப் பதிவு செய்து மாறி மாறிப் போய்வரலாம். புதன்கிழமை பொதுவாக விடுமுறை. அக்டோபரில் இலைகள் நிறம் மாறும் வாரங்களில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அடுத்து பயணம். கார் இல்லாமல் போவது சிரமம். பிட்ஸ்பர்க்கிலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரம். மலைப்பகுதியில் சிக்னல் சரியாகக் கிடைக்காது; கிளம்பும் முன்பே மேப்பை டவுன்லோட் செய்து, டிக்கெட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். வரவேற்பு மையத்திலிருந்து வீட்டுக்கு இறக்கத்தில் நடக்கவேண்டும், திரும்பும்போது ஏற்றம். வீட்டுக்குள்ளும் குறுகிய படிகள் நிறைய. வழுக்காத ஷூ அவசியம். முட்டி வலி உள்ளவர்கள் பதிவு செய்யும்போதே என்ன உதவி கிடைக்கும் என்று கேட்டுவிடுங்கள்.

உள்ளே எதைப் பார்ப்பது? குழு நகர்ந்துகொண்டே இருக்கும், நின்று நிதானிக்க நேரம் இருக்காது. அதனால் முன்பே தெரிந்துகொண்டு போங்கள். கூரை சில இடங்களில் ஆறரை அடிக்கும் குறைவு. அந்தத் தாழ்வுதான் பார்வையை மொட்டைமாடிக்கும் மரங்களுக்கும் தள்ளுகிறது. வரவேற்பறைத் தரைக் கல்லுக்கு மெழுகு பூசியிருப்பதால் ஈரமாக மின்னும். கணப்படுப்பின் முன்னால் மலைப்பாறையை வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்; அதற்கு மெழுகு இல்லை. ஓடைத் தண்ணீரிலிருந்து தலைநீட்டும் காய்ந்த பாறையாகவே அது தெரியும். பிறகு ஜன்னல்களைக் கவனியுங்கள். சில இடங்களில் கண்ணாடி சட்டமே இல்லாமல் நேராகக் கல்சுவருக்குள் போகும். ஒரு மேஜையில், ஜன்னல் கதவு திறக்க வழிவிட்டுக் கால்வட்டமாகப் பலகையை வெட்டியிருக்கிறார்கள்.

அருவி எங்கே என்று தேடாதீர்கள். உள்ளே அதன் சத்தம்தான் கேட்கும்.

டூர் முடிந்ததும் நேராக காஃபி குடிக்கப் போகாமல், ஓடையின் கீழ்ப்பக்கம் போகும் பாதையில் இறங்குங்கள். படங்களில் பார்த்த காட்சி அங்கிருந்துதான். தூணில்லாமல் நீளும் மாடிகளின் நுனியைப் பாருங்கள்: கான்கிரீட்டுக்குள் கம்பி போதாமல் காலப்போக்கில் அவை பல அங்குலம் தொய்ந்துவிட்டன. 2002ல் உள்ளே எஃகு வடங்களை இழுத்துக் கட்டினார்கள். பழையபடி நிமிர்த்தவில்லை, மேலும் தொய்யாமல் நிறுத்தினார்கள்.

பின்சேர்க்கை: பராமரிப்பு வேலை நடந்தால் சாரம் கட்டியிருக்கும், பதிவு செய்யும் முன் ஃபாலிங்வாட்டர் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். ரைட்டின் இன்னொரு வீடான கென்டக் நாப் பக்கத்திலேயே இருக்கிறது. அதற்கு டிக்கெட் தனி. ஒரே நாளில் இரண்டும் என்றால், முதல் டூர் தொடங்கி மூன்று மணி நேரம் கழித்து அடுத்ததைப் போடுங்கள்.