மூட்டு மாற்று ஆபரேஷன்: ரத்தத்தைச் சேமிப்பது வீட்டில்தான் தொடங்குகிறது

ஆபரேஷனுக்கு நாள் குறித்ததுமே வீட்டார் கேட்பது, "சிஸ்டர், எத்தனை யூனிட் ரத்தம் ஏற்பாடு பண்ணணும்?" என்றுதான். மகன் அதற்குள் கூட்டாளிகளுக்கு போன் போட்டு ஆளும் சேர்த்திருப்பார். மதுரையில் எலும்பு வார்டில் வேலை பார்க்கிற நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். அம்மாவுக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு? பெரும்பாலும் பதில் வராது.

அதைத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை, அதுவும் ஆபரேஷனுக்கு ஒரு மாதத்துக்கு முன்பே. பெண்களுக்கு 12-க்குக் கீழே, ஆண்களுக்கு 13-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூட்டு மாற்றுக்கு வருகிறவர் பெண்ணாக இருந்தாலும் 13-ஐத் தொட்டுவிட்டால் நல்லது. ஆபரேஷன் முடிந்து இரண்டு மூன்று புள்ளி இறங்குவது சகஜம். 13-ல் உள்ளே போனவர் 10-ல் எழுந்து நடப்பார். 10-ல் போனவர் 7-க்கு இறங்கினால் ரத்தம் ஏற்றித்தான் ஆக வேண்டும்.

குறைவாக இருந்தால் ஏன் குறைந்தது என்று பார்க்கச் சொல்லுங்கள். உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் பி12 இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வருஷக்கணக்கில் மூட்டு வலிக்கு மாத்திரை போட்டு வயிற்றில் புண்ணாகி, அங்கே கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிந்துகொண்டிருப்பதும் உண்டு. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும்.

இரும்பு மாத்திரை வேலை செய்ய நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற ஊர் இது. அந்த டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ, காபி வேண்டாம். கால்சியம் மாத்திரையும் கூடவே வேண்டாம். எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாகச் சேரும். நாள் குறைவாக இருந்தால் நரம்பு வழியாகவே இரும்பு ஏற்றுவார்கள். அந்தப் பழுப்பு நிற பாட்டிலைப் பார்த்து ரத்தம் என்று பயந்துவிடாதீர்கள்.

மதுரைக்காரர்களுக்குச் சுவரொட்டியை, அதாவது ஆட்டு மண்ணீரலைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதில் இருக்கும் இரும்பு உடம்பில் சுலபமாகச் சேரும், யூரிக் அமிலம் அதிகம் இல்லாதவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் 9-ல் இருப்பவரைச் சுவரொட்டி மட்டும் 13-க்குக் கொண்டுபோகாது. மாதுளை ஜூஸ் அந்த அளவுக்குக்கூட உதவாது.

அடுத்தது மாத்திரைப் பை. எல்லாவற்றையும் மேஜையில் கொட்டச் சொல்வேன். சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் வரும். அப்புறம் மடித்த செய்தித்தாளுக்குள் ஒரு பொடி, பேர் இல்லாத சிவப்பு மாத்திரை நாலு. உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர், "அது ஒண்ணுமில்ல தாயி, வலிக்குத்தான்" என்று அதை மட்டும் முந்தானைக்குள் தள்ளப் பார்த்தார். அதுதான் எனக்கு வேண்டியதே. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை ரத்தம் உறைவதைத் தடுக்கும். டாக்டர் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார். ரத்தம் உறையாமலிருக்கத் தருகிற மாத்திரைகளில் வார்ஃபரினை ஐந்து நாள் முன்பு, குளோபிடோக்ரெலை ஐந்து முதல் ஏழு நாள் முன்பு நிறுத்துவது வழக்கம். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், பக்கவாதம் வந்தவர் தானாக ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தக் கூடாது. ஆஸ்பிரினும் அதில் சேர்த்தி. இதய டாக்டரும் எலும்பு டாக்டரும் பேசி முடிவெடுக்கட்டும். மீன் எண்ணெய், பூண்டு கேப்சூல், நாட்டு மருந்து எதையும் மறைக்காதீர்கள்.

தியேட்டருக்குள் நடப்பது உங்கள் கையில் இல்லை, ஆனால் ஒன்றைக் கேட்கலாம். "டிரானெக்ஸாமிக் அமிலம் போடுவீங்களா?" மாதவிடாயில் அதிகம் போகிறவர்களுக்குத் தருகிற அதே மருந்துதான். உறைந்த ரத்தம் சீக்கிரம் கரையாமல் பிடித்து வைக்கும். ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதி 1962-ல் கண்டுபிடித்தது. தோலைக் கீறும் முன் சுமார் ஒரு கிராம் நரம்பில் போடுவார்கள், மூட்டுக்குள்ளும் விடுவதுண்டு. வலிப்பு, ரத்தக்கட்டி, கிட்னிக் கோளாறு இருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். தொடையில் இறுக்கிக் கட்டுகிற டூர்னிகெட் என்ற பட்டை ஆபரேஷன் நேரத்தில் ரத்தத்தை நிறுத்தினாலும் அவிழ்த்த பிறகு கசிவது கசியத்தான் செய்யும். இரண்டு முழங்காலையும் ஒரே நாளில் மாற்றினால் ரத்தம் அதிகம் போகும். 11-ல் இருப்பவருக்கு அந்த அவசரம் எதற்கு என்பது என் எண்ணம்.

வார்டுக்கு வந்த பிறகு வெளியே தெரியாமல் உள்ளுக்குள் கசிவதுதான் அதிகம். தொடை நீலம் பாரிப்பது அதனால்தான். டாக்டர் சொன்னால் முதல் சில மணி நேரம் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி வைக்கலாம். துணி சுற்றிய ஐஸ் பேக்கை இருபது நிமிஷம் வையுங்கள். பார்க்க வருகிற சொந்தக்காரர் எண்ணெய் தடவி நீவிவிட உட்கார்ந்தால் தயவுசெய்து தடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டால், "மறுபடி ரத்தம் போகுமே" என்று மறுக்காதீர்கள். காலில் ரத்தக்கட்டி சேர்ந்தால் அது உயிருக்கே ஆபத்து. கட்டு நனைந்தாலோ தலைசுற்றினாலோ கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ உடனே கூப்பிடுங்கள்.

தெம்புக்கு ஒரு பாட்டில் ரத்தம் கேட்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது டானிக் இல்லை. காய்ச்சல், ஒவ்வாமை, மூச்சுத்திணறல் எல்லாம் அதனாலும் வரலாம். 8-க்கு மேல் இருந்து, இதய நோயும் மயக்கமும் இல்லையென்றால் பெரும்பாலும் தேவைப்படாது. வீட்டுக்குப் போன பிறகும் டாக்டர் சொல்லும்வரை இரும்பு மாத்திரை தொடரட்டும். தையல் பிரிக்க வருகிற அன்றே ஹீமோகுளோபினையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.