ஆயில் லைட் அணையவில்லையா? ஆயில் பிரஷர் சுவிட்சை நாமே மாற்றலாம்

சாவியை ஆன் செய்ததும் டேஷ்போர்டில் சிவப்பு நிறத்தில் ஆயில் லைட் எரியும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகி ஓரிரு நொடிகளில் அது அணைந்துவிட வேண்டும். அணையவில்லை என்றாலோ, ஓடும்போது திடீரென்று எரிந்தாலோ, ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்திவிடுங்கள். "லைட்டை இயக்கும் சுவிட்ச்தான் போயிருக்கும்" என்று வீடுவரை ஓட்டி வராதீர்கள். ஆயில் அழுத்தம் நிஜமாகவே இல்லையென்றால் கிராங்க் பேரிங்குகள் தேய்ந்து எஞ்சினே பிடித்துக்கொள்ளும். சுவிட்சின் விலை சில நூறு ரூபாய்தான்.

அதனால் கழற்றும் முன் சோதனை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் இரண்டு குறிகளுக்கும் நடுவில் இருக்கிறதா? சரி, அடுத்தது சுவிட்ச். பெரும்பாலும் ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்திலோ சிலிண்டர் ஹெட்டின் ஓரத்திலோ இருக்கும். நான் இங்கே சொல்வது ஒற்றை வயர் உள்ள வகை. அழுத்தம் இல்லாதபோது உள்ளே இருக்கும் காண்டாக்ட் உலோக உடலைத் தொட்டு எர்த் ஆகும், லைட் எரியும். ஏறத்தாழ 0.3 முதல் 0.5 பார் அழுத்தம் வந்ததும் காண்டாக்ட் விலகி லைட் அணையும்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, சுவிட்சின் கனெக்டரைக் கழற்றுங்கள். லைட் அப்போதும் எரிந்தால் வயர் எங்கோ பாடியில் உரசுகிறது. புது சுவிட்ச் வாங்கிப் பயனில்லை. அணைந்தால் வயர் சரி. மிச்சம் இருப்பது சுவிட்சா, அழுத்தமா என்ற கேள்விதான். சுவிட்ச் இருந்த துளையில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தால்தான் அது தீரும். கேஜ் இல்லாவிட்டால் மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது.

என் வண்டியில் வேறு அடையாளமும் இருந்தது. கனெக்டரை உருவியதும் அதன் உள்ளே கறுப்பாக ஒரு சொட்டு ஆயில் நின்றது. சுவிட்சின் பிளாஸ்டிக் தலையை விரலால் தொட்டால் ஆடியது. இப்படிக் கசிந்தால் சுவிட்சை மாற்றியே ஆக வேண்டும்.

இனி வேலை. எஞ்சின் ஆறட்டும். 10 நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். சுவிட்சைச் சுற்றியுள்ள அழுக்கைப் பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள், துளைக்குள் மண் விழக் கூடாது. கீழே பனியன் வேஸ்ட் வையுங்கள். கனெக்டரின் லாக்கை அழுத்தி உருவுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பல ஜப்பானிய எஞ்சின்களில் 24 நம்பர் நீள பாக்ஸ் ஸ்பேனர் பொருந்தும். இடப்பக்கம் திருப்பிக் கழற்றினால் கொஞ்சம் ஆயில் வழியும், அவ்வளவுதான். எஞ்சினின் அடித்தொட்டியில் (சம்ப்) உள்ள ஆயிலை வடிக்க வேண்டியதில்லை.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து மரையின் பருமனும் நீளமும் ஒன்றா என்று பாருங்கள். டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். சுவிட்சுக்கு எர்த் கிடைப்பதே மரை வழியாகத்தான். டேப் துணுக்கு ஆயில் பாதைக்குள் போனாலும் வம்பு. பல சுவிட்சுகள் மரையில் சீலன்ட் (கசிவைத் தடுக்கும் பசை) பூசியே வருகின்றன. இல்லாவிட்டால் நுனியில் இரண்டு மரையை விட்டு மெல்லியதாகப் பூசுங்கள். வாஷர் போடும் வகை என்றால் புது வாஷர் போடுங்கள், சீலன்ட் தேவையில்லை.

முதல் மூன்று சுற்று கையால்தான். பிளாக்கோ ஹெட்டோ அலுமினியமாக இருந்தால், கோணலாக ஏறிய சுவிட்ச் அதன் மரையை அறுத்துவிடும். ஆரம்பத்திலேயே இறுகினால் திருப்பி எடுத்து மறுபடி வையுங்கள். அப்புறம் ஸ்பேனரால் அளவாக முடுக்குங்கள்; பலவற்றுக்கு 12 முதல் 15 நியூட்டன் மீட்டர் போதும், உங்கள் வண்டியின் அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். கூம்பு மரை (நுனி நோக்கி ஒடுங்கும் மரை) அடிவரை போய் நிற்காது, அதனால் முழு பலம் போடாதீர்கள்.

கனெக்டர் 'டிக்' என்று உட்காரட்டும். பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். லைட் அணைந்ததா? ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, அணைத்து, டார்ச் அடித்து சுவிட்சின் அடியில் துணியால் ஒற்றிப் பாருங்கள். டிப்ஸ்டிக்கையும் ஒருமுறை பாருங்கள். லைட் அணையாவிட்டால் எஞ்சினை உடனே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.