துண்டுத்தாளைக் கவனியுங்கள்: பயனர் களஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பொருளைப் பயன்படுத்துபவர்களை அவர்கள் இருக்கும் இடத்திலேயே போய்ப் பார்த்து, கூடவே இருந்து கற்றுக்கொள்வது இனவரைவியல் களஆய்வு. மானிடவியலில் பிறந்த இந்த முறையை இன்று மென்பொருள் குழுக்களும் கையாளுகின்றன. ஆனால் பலர் கேள்வித்தாளோடுதான் கிளம்புகிறார்கள். என்னைக் கேட்டால் தவறுகளிலேயே பெரியது இதுதான். "இந்தத் திரை வசதியாக இருக்கிறதா?" என்று கேட்டால், தேடி வந்தவரின் மனம் நோகக் கூடாதே என்று "நன்றாகத்தான் இருக்கிறது" என்பார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. தினமும் செய்கிற வேலையில் கை எங்கே தயங்குகிறது என்பது செய்பவருக்கே தெரிவதில்லை.

ஒருமுறை ஒரு கிடங்கில், சரக்கு வரவைப் பதியும் பணியாளரின் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். மென்பொருளில் குறையே இல்லை என்று காலையிலேயே சொல்லிவிட்டார். ஆனால் ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் முதலில் துண்டுத்தாளில் எழுதி, பிறகுதான் கணினியில் ஏற்றினார். மதியம் காரணம் கேட்டேன். நடுவில் யாராவது கூப்பிட்டு எழுந்து போனால், திரும்புவதற்குள் மென்பொருள் தானாக வெளியேறிவிடுமாம். அதுவரை உள்ளிட்டதெல்லாம் போய்விடுமாம். அவர் அதைக் குறை என்றே எண்ணவில்லை. இப்படிப்பட்ட ஒட்டுவேலைகளை 'பழக்கதோஷம்' என்று ஒதுக்கிவிடாதீர்கள். திரையோரம் ஒட்டிய சீட்டு, விசைப்பலகையில் பேனாவால் போட்ட குறி, மனப்பாடமாக வைத்திருக்கும் குறுக்குவழி எல்லாமே வடிவமைப்பு கைவிட்ட இடங்களைக் காட்டுகின்றன.

சாப்பாட்டு நேரம் வந்ததும் குறிப்பேட்டை மூடிவிடுவதும் தவறு. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் இருந்த ஜூலியன் ஓர் (Julian Orr) என்ற மானிடவியலாளர், நகல் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்களோடு கூடவே சுற்றினார். கையேட்டில் இல்லாத கோளாறுகளை அவர்கள் ஒருவருக்கொருவர் கதையாகச் சொல்லித்தான் தீர்த்துக்கொண்டார்கள். அந்தக் கதைகளில் பல சாப்பாட்டு மேசையில்தான் வெளிவந்தன. அதே மையத்தில் லூசி சக்மன், நகல் இயந்திரத்தை இருவர் இருவராகப் பயன்படுத்த விட்டு வீடியோவில் பதிந்தார். துணைக்கு ஆள் இருந்தால் குழப்பம் தானாகவே பேச்சாக வெளிவரும். பயனர் என்ன செய்ய முயல்கிறார் என்று இயந்திரம் ஊகித்ததும், அவர் உண்மையில் செய்ததும் எங்கே விலகின என்பதை 1987இல் வெளியான தம் நூலில் அவர் காட்டினார்.

பயனர் தடுமாறும்போது "அந்தப் பொத்தானை அழுத்துங்கள்" என்று வாய் துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள், நாம் கற்றுக்கொடுத்துவிட்டால் அவர் தாமாக என்ன செய்திருப்பார் என்பது கடைசிவரை தெரியாது. மேலாளர் பக்கத்தில் நிற்கும்போது பார்ப்பதும் வீண்தான், அப்போது எல்லோரும் விதிப்படியே வேலை செய்வார்கள். படம் எடுப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள். திரையில் வேறு யாருடைய விவரமாவது தெரியலாம்.

குறிப்பை அன்றிரவே விரித்து எழுதிவிடுங்கள். கண்டதை ஒரு பக்கமும் அதற்கு நாம் தரும் விளக்கத்தை மறுபக்கமும் எழுதுவது என் வழக்கம். "எரிச்சலடைந்தார்" என்பது நம் ஊகம். "மூன்று முறை அழுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்" என்பதுதான் நாம் கண்டது.

ஆய்வாளர் மட்டும் போய்விட்டு அறிக்கை அனுப்புவதும் பெரும்பாலும் பயன் தருவதில்லை. அந்தக் கிடங்கைப் பற்றி நான் எழுதிய அறிக்கை இரண்டு மாதம் கிடப்பில் கிடந்தது. பிறகு நிரல் எழுதுபவர் ஒருவரையே அழைத்துப் போனேன். அவர் அந்தத் துண்டுத்தாளைக் கையில் வாங்கி, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளிட்டதைத் தானாகச் சேமிக்கும் வசதி அடுத்த பதிப்பிலேயே வந்துவிட்டது.